ஒரு கீர்த்தனையில் வேகும் அரிசி

சோறு ஆக்குவதற்காகக் கடல் தாண்டிப் போனவன் எங்கள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். படிக்கப் போனவர்கள் உண்டு, பிழைக்கப் போனவர்கள் உண்டு, பெண்டாட்டிக்குப் பயந்து கப்பல் ஏறியவர்களும் இரண்டொருவர் உண்டு. நான் போனது, பெரிய பானையில் சோறு கிளறுகிற ஆறடிப் பனைமரத் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, மலாக்காவில் இருக்கும் என் தங்கை செல்வமணியின் பொருத்தனையை நிறைவேற்ற.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோவில்களில் பண்டிகை நாளில் அசனம் போடுவோம். வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, ஆண்பிள்ளைகளே சமைத்து, சபை முழுவதும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. எங்கள் ஊர் அசனத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக நான்தான் தலைச்சமையல். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு இடத்திலும் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

செல்வமணியின் கதை இது. ஜப்பான்காரன் காலத்தில் அவள் புருஷன் ஞானதாசைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். இவள் முழங்காலில் நின்று பொருத்தனை செய்தாள். அவர் உயிரோடு வந்தால் ஒரு ஜனவரி வருஷப் பிறப்பன்று சபைக்கு அசனம் போடுவேன். அதை என் அண்ணன் கையால் ஆக்க வேண்டும். அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதுவரை எந்த வருஷப் பிறப்பன்றும் நான் சோறு தொடமாட்டேன் என்று. ஞானதாஸ் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அண்ணன்தான் வரவில்லை. பன்னிரண்டு வருஷப் பிறப்பை அவள் சோறில்லாமல் கழித்தாள்.

ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால் முறைப்பேன். என் சுபாவம் அப்படி. எழுத உட்கார்ந்த பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? சித்தப்பாவுக்குத் துணையாக மலாயா போன பெண், அங்கே ரப்பர் தோட்டத்துக் கூலி ஒருவருடைய பேரனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்குத் தோட்டத்துக் கூலியின் பேரனா என்று நான் குதித்தேன். வாழ்த்துக்கூட அனுப்பவில்லை. ஜப்பான்காரன் காலம் நீங்கலாக வருஷா வருஷம் டிசம்பரில் அவளிடமிருந்து கடிதம் வரும். படிப்பேன், மடிப்பேன், டிரங்குப் பெட்டியில் போடுவேன். பத்தொன்பது வருஷம் ஒரு வரி பதில் போட்டதில்லை.

மலாயா விடுதலை அடைந்த வருஷம் செப்டம்பரிலேயே ஒரு கடிதம் வந்தது. எழுத்து அவளுடையது இல்லை. "மச்சான், நாடு விடுதலை ஆகிவிட்டது. போதகர் உங்கள் தங்கையைப் பொருத்தனையிலிருந்து விடுவிக்கிறேன் என்று சொல்லியும் அவள் சம்மதிக்கவில்லை. அவளுக்கும் வயதாகிறது. ஞானதாஸ்." அவ்வளவுதான். என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, "போகலேன்னா இனிமே இந்த வீட்டுக்குள்ள அசனத்தப் பத்திப் பெருமை பேசப்படாது" என்றாள். பேசாமல் என்னால் இருக்க முடியாது. கிளம்பிவிட்டேன்.

கிளம்பும்போதே மனசுக்குள் ஒரு திட்டம் போட்டுக்கொண்டேன். ஆக்கித் தருவேன். பந்தியில் இருநூறு பேர் உட்காருவார்கள். அவன் கிழக்குக் கோடியில், நான் மேற்குக் கோடியில். ஒரே பந்திதானே, பொருத்தனை நிறைவேறிவிடும். அதுவரை அவன் வீட்டில் தண்ணீருக்கு மேல் எதுவும் வாயில் வைப்பதில்லை. கணக்கு வாத்தியார் மூளை.

மலாக்காவுக்குப் போகிற பஸ் ஆயர் குரோவை நெருங்கும்போது ஒரு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் காடு, மேலே அடைமழை. எங்கள் ஊரில் பஸ் நின்றால் முதலில் டிரைவரைத் திட்டுவோம், பிறகு இறங்கித் தள்ளுவோம். இங்கே திட்டாமலே இறங்கிவிட்டார்கள். சீனக் கிழவி ஒருத்திகூட வாத்துக் கூடையை என் ஆசனத்தில் வைத்துவிட்டுத் தள்ள வந்தாள். தொப்பி வைத்த மலாய்க்காரர் என் துடுப்பைக் காட்டி என்னவோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த தமிழரிடம் கேட்டேன். பேச்சோடு 'லா' சேர்ப்பது இந்த நாட்டுத் தமிழர் வழக்கம்.

"இவரு வெவரமான ஆளு லா, பஸ் நின்னாலும் படகு மாதிரி வலிச்சுக்கிட்டுப் போயிருவாருன்னு சொல்றாரு."

கோபப்படலாமா என்று யோசிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாத்து என் வேட்டியில் செய்துவைத்த காரியத்துக்குத்தான் பிறகு கோபப்பட்டேன்.

செல்வமணியின் வீடு காஜா பெராங்கில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது. வாசலிலேயே நின்றிருந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒட்டடைக் கம்பு போல அனுப்பிவைத்த பெண்ணுக்கு இப்போது காதோரம் நரை. "அண்ணாச்சி" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கும் கண் நிறைந்தது. மழைத்தண்ணீரோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

ஞானதாஸ் காக்கி உடுப்போடு உள்ளிருந்து வந்தான். மலாக்கா டவுனில் தபால்காரன். ஆள் ஒல்லி, ஒரு கால் இலேசாக இழுக்கும். என் துடுப்பை மரியாதையாக வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, "பசியாறுனீங்களா மச்சான்?" என்றான். இந்த நாட்டுத் தமிழர் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

"வயிறு சரியில்ல. கப்பல் சாப்பாடு" என்றேன், சுவரைப் பார்த்து.

வயிறு பிரமாதமாக இருந்தது. அதுதான் தொல்லை. மறுநாள் காலை நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தெருக்கோடிச் சீனர் காப்பிக் கடையில் போய் உட்கார்ந்தேன். கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, அதில் தேங்காய்ப்பாலும் முட்டையும் காய்ச்சிய ஒரு இனிப்புப் பூச்சு, தொட்டால் ஓடுகிற பதத்தில் அரை வேக்காட்டு முட்டை, தார் நிறத்தில் கடுங்காப்பி. நம் ஊர்க் காப்பிக்கு இது கிட்டத்தில் வராது என்று சொல்லத்தான் ஆசை. இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தவன் அப்படிச் சொல்லக்கூடாது.

சாயங்காலம் செல்வமணி துணி மடித்துக்கொண்டே, "வயிறு சரியில்லாதவரு நாலு முட்ட சாப்பிட்டீங்களாமே?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"போஸ்ட்மேன் மச்சான் வந்திருக்காருன்னு டவுனுக்கே தெரியும் அண்ணாச்சி. தும்மினாக்கூட வீட்டுக்குச் சேதி வந்துரும்." அவள் முகம் சிரித்தது, கை சிரிக்கவில்லை. மடித்த சட்டையையே மறுபடி உதறி மடித்தாள். "எங்க வீட்டுச் சோறு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. வருசப் பிறப்பன்னிக்கு ஒரு நாள் அவரோட பந்தியில உக்காந்தாப் போதும்."

"உக்காருவேன்ட்டி. அதுக்குத்தான வந்திருக்கேன்" என்றேன். கிழக்குக் கோடி மேற்குக் கோடியைப் பற்றிச் சொல்லவில்லை.

அசனத்துக்குப் பெரிய பாத்திரம் வேண்டுமே என்று நான் கவலைப்பட, வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங் கைலி, மேலே கெபாயாச் சட்டை. நம்மவராயிற்றே என்று, "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மலாயில் படபடவென்று பேசினார்.

"அவங்க மலாக்காச் செட்டி அண்ணாச்சி" என்றாள் செல்வமணி. "நூத்துக்கணக்கான வருசத்துக்கு முந்தியே வந்தவங்க. தமிழு பேச வராது. சாமிக்கும் சடங்குக்கும் மட்டும் நாலு தமிழ் வார்த்த வச்சிருக்காங்க. அவங்க மாரியம்மன் கோயில்ல கொடைக்குச் சமைக்கிற இரும்புக் கவா அஞ்சு இருக்காம். எடுத்துக்கிட்டுப் போ, தேய்ச்சுக் குடுத்தாப் போதும்ங்கறாங்க."

கவா என்பது குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி அகலத்துக்கு ஒரு வாணலி. மாரியம்மன் கோயில் பாத்திரத்தில் நம்முடைய அசனமா? எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து மொட்டைக் கடிதாசி பறந்திருக்கும். இங்கே அந்த அம்மாளும் என் தங்கையும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக் கவாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஆடு வாங்கப் புக்கிட் பாருவுக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று மைல். ஞானதாஸ் சைக்கிளைத் துடைத்துவிட்டு, "பின்னால ஏறுங்க மச்சான்" என்றான். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு நான் உட்காருவதா? நடப்பது உடம்புக்கு நல்லது என்றேன். அவன் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, காலை இழுத்துக்கொண்டு என் கூடவே நடந்து வந்தான். பாதி வழியில் மழை பிடித்தது. குடையை என் தலைக்கு நீட்டினான். வேண்டாம் என்றேன். இரண்டு பேருக்கும் நடுவில் சைக்கிளுக்குக் குடை பிடித்த மாதிரி போய்ச் சேர்ந்தோம்.

ஒதுங்கி நின்ற கடையில் ஓர் ஆள் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். தபாலாபீசில் கடிதம் பிரிக்கிறவனாம். ஞானதாஸ் ஆட்டுக்காரரிடம் பேசப் போயிருந்த நேரம், என் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீங்கதானா அந்த மச்சான்? வருசா வருசம் ஜனவரியில இந்தியா மூட்ட வந்தா ஞானதாஸ் அண்ணன்தான் வந்து மொதல்ல பாப்பாரு. சாமான் எல்லாம் கவுத்துப்போட்டுத் தேடுவாரு. ஒண்ணும் இருக்காது. வீட்ல போயி, கப்பல் லேட்டுன்னு சொல்லிக்குவாரு. இத்தன வருசம் எந்தக் கப்பலு லா லேட்டாகும்?"

அவன் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். நனைந்த வேட்டியை உதறி உதறிக் கட்டினேன். கோபம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது ஞானதாசின் முகத்தைப் பார்க்காமல் ஆட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி இராத்திரி ஆராதனை. கோவில் சின்னதுதான், விடுதலைக்குக் கட்டிய காகிதக் கொடிகள் நாலு மாதமாகியும் வாசலில் இருந்தன. எங்கள் ஊரில் அன்றைக்குக் கோவிலுக்குள் மூச்சுவிட இடம் இருக்காது. பாதிப் பேர் தூங்குவோம். இங்கே தொண்ணூறு குடும்பம், ஒருவரும் தூங்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, போன வருஷம் கர்த்தர் செய்த நன்மையைச் சொன்னார்கள். ஒருவர் பிள்ளை பரீட்சையில் தேறியதைச் சொன்னார், ஒருத்தி சுகமாகப் பிள்ளை பெற்றதைச் சொன்னாள். செல்வமணி எழுந்து, "என் அண்ணன் வந்திருக்காங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிற்று. பெருமையாக இருந்தது, பெருமைப்பட வெட்கமாகவும் இருந்தது.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது போதகர் சொன்னார்: "பழைய வருசத்து மனத்தாங்கல புது வருசத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்க. யாருக்கு யார் மேல இருந்தாலும் இப்பவே எழுந்து போய்க் கை குடுங்க. நாளைக்கு அசனத்துக்கு அடுப்பு மூட்டறவங்க மனசும் சுத்தமா இருக்கணும்."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. மாமியார்கள் மருமகள்களிடம் போனார்கள். அடிதடிக்காரர்கள் போலத் தோன்றிய இருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஞானதாஸ் எழுந்து என் பக்கமாக வந்தான். நான் எழுந்து மழை விட்டுவிட்டதா என்று பார்க்க வெளியே போய்விட்டேன். மணி அடித்தது. துறைமுகப் பக்கம் கப்பல்கள் ஊதின. சீனர் தெருவில் பட்டாசு. உள்ளே எல்லாரும் கெம்பீரமாகப் பாடினார்கள். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நானும் பாடினேன். என் பாட்டு எனக்கே பிடிக்கவில்லை.

விடிவதற்கு முன்னால் கோவில் பின்புறத்தில் அடுப்பு மூட்டினோம். மழை ஓய்ந்திருந்தது. இரண்டு கவாவில் கறி, ஒன்றில் சாம்பார், இரண்டில் சோறு. அரிசி இரண்டு மூட்டை. முதல் மூட்டையைக் கழுவி உலைநீரில் போட்டுவிட்டு, வந்திருந்த சபை ஆண்களைப் பார்த்து, "பாட ஆரம்பிங்க" என்றேன்.

எங்கள் ஊர் முறை அது. அசன அடுப்பில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. அரிசி போட்டதும் கீர்த்தனை எடுப்போம். ஆரம்பத்திலிருந்து கடைசிச் சரணம் வரை மூன்று கீர்த்தனை. மூன்றாவது முடிகிற இடத்தில் சோறு பதம். என் அப்பா காலத்திலிருந்து ஒரு தடவை தப்பியதில்லை.

ஞானதாஸ் ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தான். "மச்சான், இது சயாம் பச்சரிசி. நம்மூர்ப் புழுங்கல் மாதிரி இல்ல. மூணு பாட்டுத் தாங்காது லா. ஒரு பாட்டுதான்."

"நான் எத்தன வருசமா அசனம் ஆக்குறேன் தெரியுமா?"

"தெரியும் மச்சான். அரிசிக்குத் தெரியாதுல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். எனக்குச் சுருக்கென்றது. "மூணு!" என்று கத்தினேன். போதாக்குறைக்கு மலாக்காக்காரர்கள் எங்களைவிட மெதுவாக, ஒவ்வொரு வரியையும் இழுத்து, இரண்டிரண்டு தடவை பாடுகிறவர்கள். இரண்டாவது கீர்த்தனையில் துடுப்பு கனத்தது. மூன்றாவதில் பல்லவி முடிவதற்குள் கவாவில் சோறு என்று ஒன்று இல்லை. கொப்புளம் விட்டுக் கொதிக்கிற வெள்ளைக் கூழ்தான் இருந்தது.

பாட்டு தானாக நின்றது. இருநூறு பேருக்கான சோற்றில் பாதி போயிற்று. கடை எல்லாம் அடைப்பு, வருஷப் பிறப்பு. கோவில் கதவருகே செல்வமணி நின்றிருந்தாள். அவள் கவாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு அண்ணன் கையால் கிடைத்தது இதுதானா? எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"சாக்கடையில கொட்டுங்க" என்று துடுப்பைக் கீழே போட்டேன்.

"கொட்டாதீங்க!"

ஞானதாஸ் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு தகரக் குவளையைக் கவாவுக்குள் விட்டு எடுத்து, உப்புப் போட்டு, ஊதி ஊதி ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"சயாம்ல ரெண்டு வருசப் பிறப்பு பாத்தேன் மச்சான். எங்க கேங்குக்கு நான்தான் சோறு ஆக்குறவன். மொத வருசப் பிறப்புல ஒம்பது பேரு சுத்தி உக்காந்து ஜெபம் பண்ணினோம். நடுவுல ஒரு டின்னு கஞ்சி. எத்தன பருக்கைன்னு எண்ணிரலாம். அடுத்த வருசப் பிறப்புக்கு நானும் இன்னொருத்தனும்தான் இருந்தோம். இந்த மாதிரிக் கெட்டிக் கஞ்சிய அன்னிக்கு யாராவது குடுத்திருந்தா..." முடிக்காமல் குவளையை என்னிடம் நீட்டினான். "குடிங்க. நல்லாத்தான் இருக்கு."

அவன் வாய் வைத்த குவளை. ஆறு நாளாக அவன் வீட்டில் எதையும் தொடாதவன் நான். வாங்கிக் குடித்தேன். சூடு நெஞ்சுவரை இறங்கிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது, புகையால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மாப்பிள்ள" என்றேன். அவரை அப்படிக் கூப்பிட எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. "ராத்திரி போதகர் கேட்டப்போ நான் வெளிய போனது மழை பாக்க இல்ல."

"தெரியும் மச்சான். மழை அப்பவே விட்டுருச்சு."

"அந்தக் கடிதத்துக்கெல்லாம் நான் பதில் போட்டிருக்கணும். கெட்ட புத்தி எனக்கு. மன்னிச்சிருங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குவளை, உப்பு, கஞ்சி எல்லாம் சேர்ந்த பிசுபிசுத்த கை. பிறகு அவர்தான் முதலில் சுதாரித்தார். "கஞ்சியக் காலம்பற ஆராதன முடிஞ்சு வர்றவங்களுக்குப் பசியாறக் குடுப்போம். நெத்திலிச் சம்பால் அரைக்கச் சொல்றேன். நமக்கு இப்ப ஒரு மூட்ட அரிசி வேணும். தெங்கேராவுல எனக்குத் தெரிஞ்ச கட இருக்கு. ஏறுங்க."

ஏறினேன். அவர் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தார் ரோட்டில் மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் தெறிக்கப் பறந்தோம். கடற்கரை ஓரத் தெங்கேராவில் பலகைக் கதவை அவர் தட்ட, பனியன் போட்ட சீனக் கடைக்காரர் தூக்கக் கலக்கத்தில் எட்டிப் பார்த்து என்னவோ கேட்டார். "இன்னிக்கும் தபாலா, உனக்கு லீவே கிடையாதா" என்று கேட்டதாக மாப்பிள்ளை பிறகு சொன்னார். விஷயம் கேட்டதும் அவரே உள்ளே போய் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். இது யாரு என்று கேட்டிருப்பார். மாப்பிள்ளை நெஞ்சில் கை வைத்து மலாயில் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

திரும்பி வரும்போது என் இடத்தில் மூட்டை உட்கார்ந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினோம். இழுக்கிற காலோடு அவர் ஓடுகிறார், நாற்பத்தெட்டு வயதில் நான் ஓடுகிறேன். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் "ஹேப்பி நியூ இயர் போஸ்ட்மேன்!" என்று கத்தினார்கள். மூச்சு வாங்க நானும் பதிலுக்குக் கத்தினேன்.

நாங்கள் வந்து சேரும்போது புத்தாண்டு ஆராதனை முடிந்து சபை வெளியே வந்துகொண்டிருந்தது. கஞ்சியும் காரத் துவையல் மாதிரி அந்த நெத்திலிச் சம்பாலும் குவளை குவளையாகப் போயின. வேலியோரம் பக்கத்து வீட்டுச் செட்டியம்மாளும் அவர் வீட்டார் ஏழெட்டுப் பேரும் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் குவளை போயிற்று. நான் துடுப்பை எடுத்தேன். எடுத்துவிட்டுத் தயங்கினேன். செல்வமணி எதிரே நின்றிருந்தாள்.

"ஏட்டி, பதம் சொல்றது மாப்பிள்ள. கிளறறது மட்டுந்தான் நான். உன் பொருத்தனைக்கு அது ஆகுமா?"

அவள் என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். என் சட்டையிலும் அவர் சட்டையிலும் ஒரே மூட்டையின் தவிடு. "கை உங்க கைதான அண்ணாச்சி?" என்றாள். "போடுங்க அரிசிய."

இரண்டு கவாவிலும் ஒரே நேரத்தில் அரிசி விழுந்தது. மாப்பிள்ளை ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று சபையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "ஒரே பாட்டு! இழுக்கப்படாது, திருப்பிப் பாடப்படாது! நாலாவது சரணத்துல சோத்த இறக்கறோம்!"

நூற்றுத் தொண்ணூறு தொண்டைகள் ஒன்றாக எடுத்தன. பெண்கள் கஞ்சிக் குவளையில் தாளம் போட்டார்கள். மொழி தெரியாத செட்டியம்மாளும் கை தட்டினார். புகைக்கு நடுவில் நான் கிளறுகிறேன், எங்கள் ஊரில் அறுப்புப் பண்டிகைக்குக்கூட இப்படி ஒரு பாட்டு நான் கேட்டதில்லை. நாலாவது சரணத்தின் இரண்டாவது அடியில் மாப்பிள்ளை, "இறக்குங்க மச்சான்!" என்று அலறினார். நாலைந்து பேர் சேர்ந்து மூங்கில் கூடைகளில் அரித்துக் கொட்டினோம். நீர் வடிந்ததும் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினேன். மல்லிகை மொட்டு மாதிரி தனித்தனியாக நின்றது. கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். சபை முழுவதும் "ஸ்தோத்திரம்!" என்று முழங்கிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைக்காத பட்டம் அது, பாதிதான் என்னுடையது.

உச்சி வெயிலில் பந்தி போட்டோம். கோவிலைச் சுற்றிப் பாய், வாழையிலை. சபையார், செட்டியம்மாள் வீட்டார், மூட்டைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த சீனக் கடைக்காரர்கூட, எல்லாரும் தரையில். சமைத்தவர்கள் கடைசியில் உட்காருவது வழக்கம். எல்லாருக்கும் பரிமாறி முடித்த பிறகு இலை போட்டார்கள். கிழக்குக் கோடியும் இல்லை, மேற்குக் கோடியும் இல்லை. மாப்பிள்ளையின் முழங்காலும் என் முழங்காலும் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தோம். போதகர் செல்வமணியின் தலையில் கை வைத்து, பொருத்தனை நிறைவேறிற்று என்று ஜெபம் செய்தார். அவர் "ஆமென்" சொல்லி முடிப்பதற்குள் அவள் பரிமாறுகிற கரண்டியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க" என்றாள்.

நகர்ந்தோம். நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இலை வந்தது. நான் எழுந்து என் கையாலேயே சோறு வைத்தேன். மாப்பிள்ளை குழம்பு ஊற்றினார். அவள் பிசைந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்தபோது அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. நன்றாக மென்று விழுங்கினாள். இலை காலியாயிற்று. மறுபடி வைத்தேன், அதுவும் காலியாயிற்று. மூன்றாவது தடவை வைத்துவிட்டுக் கூடையை எடுக்கப் போனேன். அவள் குழம்புக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க? வைங்க அண்ணாச்சி, கூச்சப்படாம வைங்க. பன்னெண்டு வருசத்துச் சோறு எனக்குப் பாக்கி."